ரஞ்சி ஓடிய குளிர்காலம்

லண்டனில் ஓடுகிறவர்கள் சிவப்பு விளக்குக்கு நின்றாலும் அவர்களுடைய கால்கள் நிற்பதில்லை. பச்சை விழும்வரைக்கும் நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருப்பார்கள். கோலியர்ஸ் வுட் சந்தியில் என் வான் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, தேநீர்க் குவளையை மடியில் இடுக்கிக்கொண்டு, இந்தக் காட்சியை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். புல் முழுக்க நரைத்துக் கிடக்கும். ஆட்கள் கார்க் கண்ணாடியைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு மனிதன் அரைக்காற்சட்டையோடு, முழங்கால் இரண்டும் அவித்த இறால்போலச் சிவந்திருக்க, துள்ளிக்கொண்டு நிற்பான். எங்கள் ஊரில் வளர்ந்த ஒருவர் தெருவில் ஓடினால் பார்த்தவர்களும் சேர்ந்து ஓடுவார்கள். காரணத்தை ஓடி முடித்த பிறகுதான் கேட்பார்கள். காரணமில்லாமல் ஓடுவது எங்களுக்குக் கிடைக்காத சொகுசு. ஆகவே இவர்களைப் பார்த்து நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே கொஞ்சம் வயிறும் எரியும்.

ஒரு மார்கழிக் காலை அந்தச் சந்தியில் அப்படித் துள்ளிக்கொண்டு நின்ற பெண் என் மனைவி ரஞ்சி. அவளுக்குப் பக்கத்தில், அவளுடைய துள்ளலுக்குச் சரியாகத் துள்ளிக்கொண்டு, ஓர் ஆண் நின்றார்.

அவளுக்கு என் வான் தெரியவில்லை. எனக்கும் வேறொன்றும் தெரியவில்லை. பின்னால் நின்ற பஸ் சாரதி ஹோர்ன் அடித்தபிறகுதான் என் பக்கம் பச்சை விழுந்து வெகுநேரம் ஆகிவிட்டது புரிந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிசில் பன்னிரண்டு வருடம் இருந்து, மகள் இங்கிலீசில் படிக்கவேண்டும் என்பதற்காக லண்டனுக்கு வந்துசேர்ந்த பலரில் நானும் ஒருவன். தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறேன். பிளம்பர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். பள்ளிக்கூடப் படிப்பு குறைவு. பிறர் வாயைப் பார்த்தே படித்தவன். போகிறபோக்கில் ஆட்கள் சொல்கிற பேச்சுகளைச் சேர்த்து வைக்கிற வியாதி எனக்கு உண்டு. டூட்டிங்கில் நான் குழாய் திருத்தப் போகிற ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா, வானம் இருட்டினால், அது பனி கொட்ட முயற்சி செய்கிறது பாவம் என்பார், ஏதோ நடக்கப் பழகுகிற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல. இந்தச் சனங்களுக்குக் குளிர் வீட்டுப் பிள்ளை. எங்களுக்கு அது வீட்டுக்காரன். எப்போது கதவைத் தட்டுவான் என்று பயந்துகொண்டே இருக்கவேண்டியது.

குளிர்காலம்தான் என் தொழிலின் அறுவடைக்காலம். குழாய் உறைந்து வெடித்த வீடுகளிலிருந்து விடியமுன்னே அழைப்பு வரும். தண்ணீர் எந்த நேரத்தில், எந்த மூலையில், எவ்வளவு வேகமாக உறையும் என்று தெரிந்திருப்பதில்தான் எங்கள் வீட்டுச் சோறு வேகிறது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காக இரங்கிவிடக் கூடாது.

ரஞ்சி ஓடத் தொடங்கியதற்குக் காரணம் சீனி வியாதி. இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னார். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட வருடம் அது. வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்து மூன்று பேருக்கு மிஞ்சுகிற காலம். முதலில் வாண்டில் ஆற்றங்கரைப் பாதையில் நடந்தாள். பிறகு இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் ஓடி, அடுத்த இரண்டுக்கு நடுவில் நடந்தாள். விம்பிள்டன் கோயிலில் ஒருத்தி அவளைப் பார்த்து, "என்ன ரஞ்சி, ஆத்தங்கரையில கண்டனான். பஸ்ஸை விட்டிட்டீரோ?" என்று கேட்டாளாம். ரஞ்சி அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சந்தியில் அவளோடு துள்ளிய அந்தச் சேகரன் ஆற்றங்கரையில்தான் அவளைக் கண்டிருக்கிறார். மலேசியாவில் ஈப்போக்காரர். எண்பதுகளில் ஸ்கொட்லாந்துக்குப் படிக்க வந்து, பொறியியலாளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். ஐம்பதைத் தாண்டியவர்; மனைவி இறந்து சில வருடம். ரஞ்சி மலிவுக் கடையில் வாங்கிய தட்டை அடிச் சப்பாத்தோடு ஈரப் பலகைப் பாலத்தில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து தமிழில், "தங்கச்சி, அந்தப் பாலத்துல ஓடாதீங்க, நடங்க" என்றாராம். தமிழர் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் கேட்டேன். வழுக்கும்போது நான் முருகா எண்டு கத்தினனான் என்றாள் ரஞ்சி.

தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் இருவரும் ஓடினார்கள். வீட்டில் ரஞ்சியின் வாயில் பனியில் ஓடுகிற சாத்திரம் ஊறத் தொடங்கியது. கால் எட்டை நீட்டி வைக்கக்கூடாதாம். கோழி நடப்பதுபோலக் குறுக வேண்டுமாம். குதிக்காலைக் குத்தாமல் பாதத்தை முழுசாக, உடம்புக்கு நேர்கீழே வைக்கவேண்டுமாம். பஸ் போகிற தெருக்களுக்குத்தான் ஐஸ் பிடிக்காமல் கவுன்சில் முதலில் உப்புப் போடும், ஆகவே அந்தத் தெருக்களின் நடைபாதைதான் நல்லதாம். வெயில் படாத மதில் ஓரத்தையும் பாலங்களையும் நம்பக்கூடாதாம். விடியற்காலையில் போகாமல் வெளிச்சம் நன்றாக வந்தபிறகு போகவேண்டுமாம். மெல்லிய சட்டைகளாக ஒன்றின்மேல் ஒன்று போட்டு, கடைசியாக மினுங்குகிற மஞ்சள் மேலங்கி. எந்த வழியால் போகிறோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அந்த ஒருவர் நான்.

"கறுப்பு ஐஸ் எண்டொண்டு இருக்கு, தெரியுமே உங்களுக்கு? கண்ணுக்குத் தெரியாதாம். ஈரம்போலத்தான் இருக்குமாம்" என்று அவள் ஒருநாள் எனக்கே விளக்கினாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். தெரியுமா என்று என்னைக் கேட்கிறாள்.

பாரிசுக்கு வந்த முதல் குளிர்காலம். ஓர் அறையில் நாங்கள் ஆறு பேர். நான் பள்ளிக்கூடத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடினவன்; இல்லங்களுக்கு நடுவில் நடக்கிற விளையாட்டுப் போட்டியில் எனக்காக இரண்டு பெண்கள் பள்ளிக்கூட வரிசையில் நின்று கை தட்டினார்கள் என்பது என் நினைவு. மூன்று பேர் என்றும் சிலவேளை நினைவு வரும். பாரிசில் வேலைக்கான பத்திரம் வரவில்லை. அறைக்குள் கிடந்தால் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. பழைய சாமான் சந்தையில் ஒரு சப்பாத்து வாங்கி, கால்வாய் ஓரமாக ஓடத் தொடங்கினேன். மூன்றாம் நாள் ஒரு படிக்கட்டின் கீழ், ஈரம் என்று நினைத்த இடத்தில், வானம் எனக்குக் கீழே வந்தது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் என் கணுக்காலைப் பார்த்துவிட்டு, வெர்க்லா, வெர்க்லா என்று தலையாட்டினார். அது எனக்கு வந்திருக்கிற வியாதியின் பெயராக்கும் என்று நினைத்து, ஒரு மாதமாக அறைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் எனக்கு வெர்க்லா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடிபோல நிலத்தில் படிகிற பனிக்கட்டிக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர் என்று பிறகு ஓர் அல்ஜீரியன்தான் சிரித்துச் சிரித்து விளக்கினான். நாங்கள் புல்லின்மேல் இருக்கிற துளிக்கும் பனி என்கிறோம், பஞ்சுபோலக் கொட்டுவதற்கும் பனி என்கிறோம், காலை முறிக்கிற கண்ணாடிக்கும் பனி என்கிறோம். நாங்கள் என்ன செய்வது, எங்களுக்கு அதுவரை ஒரு பனிதான் தேவைப்பட்டது. என் கணுக்காலுக்குள் இன்றைக்கும் ஒரு தகடும் நாலு ஆணியும் இருக்கின்றன. நடக்கலாம், ஏணி ஏறலாம், சிங்குக்குக் கீழே மணிக்கணக்காகக் குந்தலாம். ஓட ஏலாது.

அன்றைக்கு அந்தக் கால்வாய்க் கரையில் எனக்குப் பின்னால் ஒரு சேகரன் வரவில்லை. ஓடாதே, நட என்று தமிழில் ஒருவரும் சொல்லவில்லை. ரஞ்சிக்குச் சொல்ல ஒருவர் இருந்தார். என் பொறாமையின் அடிவேர் அதுதான் என்று இப்போது எழுத முடிகிறது. அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் சேகரண்ணை என்ற பெயர் பதினொரு தரம் வந்தது என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

போட்டிக்கு நானும் ஒன்று செய்தேன். பெரிய கடையொன்றில் அரைநாள் சுற்றி, வெள்ளையில் ஊதாக் கோடு போட்ட, பார்த்தாலே கண்ணைப் பறிக்கிற ஒரு ஓட்டச் சப்பாத்தை ரஞ்சிக்கு வாங்கி வந்தேன். அவள் ஆசையாகத்தான் வாங்கினாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலால் தடவினாள். "வடிவா இருக்கு. வெயில் காலத்துக்கு வைப்பம்" என்று பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். அவள் காலில் இருந்தது, சேகரன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்க வைத்த, அடியில் தவளை முதுகுபோலப் புடைப்பும் பள்ளமுமான ஒரு சப்பாத்து. சேற்று நிறம். அவலட்சணம். கதவடியில் அதைக் காணும்போதெல்லாம் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவேன்.

ஒருநாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆற்றங்கரைப் பாதை தெருவைத் தொடுகிற இடத்தில் வானை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். இருவரும் வந்தார்கள். இருவருக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி இருந்தது. தொடவில்லை, சிரிக்கவில்லை, பேசவுமில்லை. பேசியிருந்தால் என்ன பேசினாய் என்று கேட்டிருக்கலாம். இரண்டு பேர் பேசாமல், ஒரே அளவில், ஒரே நேரத்தில் மூச்சு விடுவதை வைத்து நான் எந்தக் கேள்வியைக் கேட்பது? வாயிலிருந்து வந்த புகை இரண்டும் முன்னால் போய் ஒன்றாகிக் கலைந்தது. ரஞ்சியின் முகத்தில் ஒரு அமைதி இருந்தது. இருபது வருடத்தில் நான் கொடுத்தோ பார்த்தோ அறியாத அமைதி. அவளைப் பார்த்து எரிந்தேனா, அவரைப் பார்த்து எரிந்தேனா என்று இப்போதும் தெரியாது. அன்றைக்குப் போன வீட்டில் ஒரு குழாயைப் பிழையான பக்கம் முறுக்கி உடைத்தேன்.

சேகரன் வீட்டுக்கும் வந்துபோனார். நல்ல மனிதர் என்பதுதான் அவரிடமிருந்த பெரிய குற்றம். ரஞ்சி தங்கச்சி என்றால் நான் மச்சான் ஆகிவிட்டேன். "எங்க ஈப்போவுல ஐஸ்னா கச்சாங் மட்டும்தான் மச்சான். ஐஸைச் சீவி, சிரப் ஊத்திச் சாப்பிட்டுட்டுப் போயிடுவோம். ஸ்கொட்லாந்துல விழுந்து விழுந்துதான் கத்துக்கிட்டேன்" என்று சிரித்தார். எங்களைவிட வெயில் கூடிய ஊர்க்காரர் எங்களுக்குக் குளிர் சொல்லித் தருகிறார். நான் விழுந்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

ரஞ்சி பங்குனி மாதத்தில் நடக்க இருந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். பொங்கல் அதற்கு முதல் வந்தது.

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வாசல் கழுவுவது என் வேலை. பாரிசில் நாலாம் மாடியில் இருந்தபோதுகூடக் கதவுக்கு முன்னால் நடைக்கூடத்தை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, கீழ்வீட்டுக்காரியிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். லண்டனில் சொந்தமாக ஒரு வாசலும் தெருக் கேற்றுவரைக்கும் பத்தடிச் சீமெந்து நடைபாதையும் கிடைத்த பிறகு விடுவேனா? அந்த வருடம் ஒரு கிழமையாகக் குளிர் இறங்கிக் கிடந்தது. முதல்நாள் பின்னேரம் ரஞ்சி பானையை மினுக்கிக்கொண்டே சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நாளைக்கு வாசலுக்குத் தண்ணி ஊத்த வேண்டாம். உறைஞ்சு போகும். கூட்டிப்போட்டு, கையால கொஞ்சம் மஞ்சள் தண்ணி தெளிச்சாக் காணும். சேகரண்ணையும் அதைத்தான் சொன்னவர்."

கடைசி வசனத்தை அவள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஊற்றியிருக்க மாட்டேன். இதைச் சொல்வதால் என் பங்கு குறையாது, நடந்ததைச் சொல்கிறேன். நான் வாளி தூக்கத் தெரிந்த நாளிலிருந்து கழுவுகிற வாசல். தண்ணீர் எப்போது உறையும் என்று எனக்கு இன்னொருவர், அதுவும் அவர், சொல்லித் தரவேண்டுமா?

காலையில் ரஞ்சி மேலே தலைமுழுகிக்கொண்டிருந்தபோது நான் மஞ்சள் கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். ஒரு வாளி அல்ல, மூன்று வாளி. தண்ணீர் கேற்றடிக்கு ஓடிச் சேரமுன்னமே அதன் சத்தம் மாறியது எனக்குக் கேட்டது. உறைகிற தண்ணீர் ஓடும்போது சலசலப்பு குறைந்து ஒரு கனம் வரும். என் தொழிலில் அந்தச் சத்தத்தை அறிவோம். கேட்டும் மூன்றாவது வாளியை ஊற்றினேன். அதன்மேல் அரிசிமாவால் கோலமும் போட்டேன். நல்ல வடிவாக இருந்தது, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த படம்போல. வாசல்படிக்குப் பக்கத்தில் காஸ் அடுப்பை வைத்துவிட்டு, தேங்காய் உடைக்க உள்ளே போனேன்.

ரஞ்சி பட்டுச் சேலையும் வெறுங்காலுமாகப் பால் செம்போடு வந்து, சூரியன் எந்தக் கூரைக்குப் பின்னால் இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டு படியிறங்கினாள். செம்பு விழுந்த சத்தம் முதலில் கேட்டது. அவளுடைய சத்தம் பிறகுதான்.

நான் ஓடி வந்தேன். படியிலேயே வழுக்கி, கையையும் முழங்காலையும் ஊன்றி, நாலு காலில்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தேன். அதே நேரம், பொங்கலுக்கு ரஞ்சி அழைத்திருந்த சேகரன் கரும்புத் துண்டும் கையுமாகக் கேற்றைத் திறந்தார். தெருவைப் பார்த்தார், அது காய்ந்து கிடந்தது. எங்கள் நடைபாதையைப் பார்த்தார். அது மட்டும் மஞ்சளாக மினுங்கியது. பிறகு என்னைப் பார்த்தார். கரும்பை மதிலில் சாத்திவிட்டு, பாதத்தை முழுசாக வைத்து, கோழி நடப்பதுபோல நடந்து வந்து, "தங்கச்சி, எழும்பாதீங்க. கையை அப்படியே நெஞ்சோட வச்சுக்குங்க" என்றார். இரண்டு மாதமாக நான் கேட்டுக் கேட்டு எரிந்த அந்த நடையை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் ஒருத்தி சேலைக் கரையிலும் என் கைகளிலும் இருந்த மஞ்சளைப் பார்த்து, பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டாள். இன்று நாங்கள் சூரியனுக்கு நன்றி சொல்கிற நாள், அதற்காக வாசல் கழுவினேன் என்று என் இங்கிலீசில் விளக்கினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வானத்தைப் பார்த்துவிட்டு, அவருக்கு இன்னும் தகவல் போகவில்லைபோல இருக்கிறது என்றாள். நகைச்சுவை என்று எனக்கு விளங்கவில்லை. இல்லை, அவர் வந்துவிட்டார், கூரை மறைக்கிறது என்று சொன்னேன். எப்படி விழுந்தீர்கள் என்று அவள் கேட்டாள். பிளாக் ஐஸ் என்றாள் ரஞ்சி. என் பக்கம் பார்க்கவில்லை. பிறகு நேர்ஸ் என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னாள். சேலை மாற்றுவதற்காக்கும் என்று நினைத்து வெளியே போய்க் கதிரையில் இருந்தேன்.

திரும்பி வரும்போது வானுக்குள் ரஞ்சி சொன்னாள்: "அந்த நேர்ஸ் என்ன கேட்டவ தெரியுமே? வீட்டில ஆராவது எனக்கு ஏதும் செய்யிறவையோ எண்டு. நான் இல்லையெண்டு சொன்னனான்."

சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் முறிந்த கையை மடியில் வைத்து, பிள்ளையைப்போல மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. செய்தி பரவியது. தொலைபேசி ஓயவில்லை. ரஞ்சி விழுந்தாள், கை முறிந்தது என்ற இரண்டு சொல்லையும் கேட்ட எல்லோரும் நடுவில் இருந்த காரணத்தைத் தாங்களே போட்டு நிரப்பிக்கொண்டார்கள். ஓடினாள், விழுந்தாள். இந்தப் பனிக்குள் யார் ஓடச் சொன்னது? கோயிலில் பஸ்ஸை விட்டிட்டீரோ என்று கேட்டவள், நான் அப்பவே சொன்னனானே என்றாளாம். ரஞ்சி முதலில் இரண்டு மூன்று பேருக்கு, இல்லை, வாசலில் விழுந்தேன் என்று சொன்னாள். ஓடிக் களைத்து வந்து விழுந்திருப்பாய் என்றார்கள். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் மட்டும் இருந்தது. தவளை முதுகுச் சப்பாத்து கதவடியில் இல்லை. படிக்குக் கீழே, நான் வாங்கிக் கொடுத்ததன் பக்கத்தில், அதையும் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தாள்.

நான் விரும்பியது நடந்துவிட்டது. இனி மூச்சுப் புகை இரண்டும் சேராது. அவளுக்குத் தலை சீவி இழுத்துவிட்டேன், புட்டு அவித்தேன், சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட்டேன். நல்ல புருஷன் என்று ஆட்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லைச் சேர்த்துவைக்க எனக்கு இடமிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரியிலிருந்து என் அக்கா மீன்குழம்போடு வந்தாள். சேகரனும் அன்று வந்திருந்தார். கட்டுப் பிரித்த பிறகு முதலில் நடக்கலாம், பிறகு மெல்ல ஓடலாம், டொக்டரிடம் கேளுங்கள் என்று ரஞ்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ரஞ்சி மேசையைப் பார்த்துக்கொண்டு, "இல்லை சேகரண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு. ஓடினது காணும்" என்றாள்.

அக்கா விடவில்லை. "ஓம், காணும். குடும்பப் பொம்பிளைக்கு உது என்னத்துக்கு? ஓடினதாலதானே இந்தக் கை. தம்பி, நீயும் பேசாமல் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்."

சேகரன் என்னைப் பார்த்தார். பொங்கலன்று கேற்றடியில் பார்த்த அதே பார்வை. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லிவிட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவரோடு சண்டை பிடித்திருப்பேன்.

"அவள் ஓடி விழேல்லை அக்கா" என்றேன். "ரெண்டு மாசம் பனியெல்லாம் ஓடினவள், ஒருக்காலும் விழேல்லை. வாசலுக்குத் தண்ணி ஊத்தாதேங்கோ எண்டு முதல்நாளே எனக்குச் சொன்னவள். நான் உறையும் எண்டு தெரிஞ்சுகொண்டு ஊத்தினனான். எரிச்சலில ஊத்தினனான்."

அக்கா, என்னடா விசர்க் கதை கதைக்கிறாய் என்றாள். வாசலுக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு குற்றமா என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியவளுக்கு விளங்கியது. ரஞ்சி எழும்பி, சாப்பிட்ட கையோடு மேலே போனாள்.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு இருக்கிறது என்பதைச் சுவருக்குச் சொன்னாள். ஐந்தாம் நாள் அவள் குளிக்கமுன் நான் அவளுடைய கட்டுப் போட்ட கைக்குப் பொலித்தீன் பை சுற்றிக்கொண்டிருந்தபோது, குளியலறைக் கதவடியில் நின்று கேட்டாள்:

"நீங்கள் பாரிசில விழுந்தனீங்கள் எண்டதுக்காக நானும் விழவேணுமே? உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. அது என்ர பிழையே?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பையின் வாயை இறுக்கமாகக் கட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கட்டு பிரித்தார்கள். பங்குனி ஓட்டம் அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. அன்று காலை அவள் கறிக்கு வெங்காயத்தை ஒரு கையால் உரிக்கப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். பிறகு இரண்டு கிழமை பஸ் தெருவில் நடந்தாள். அதற்குப் பிறகு ஒரு காலை, போகிற குளிர் திரும்பி வந்து தெருவை ஒருமுறை நரைக்கவைத்த காலை, நான் எழும்பி வந்தபோது அவள் மஞ்சள் மேலங்கியோடு திறந்த கதவடியில் நின்றாள். காலில் தவளை முதுகுச் சப்பாத்து. நாடா அவிழ்ந்து கிடந்தது. கேற்றுக்கு வெளியே சேகரன் நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தார்.

"விரல் மடங்குதில்லை. கட்டிவிடுங்கோ" என்றாள். "இறுக்கமா. அவிழாமல்."

எங்கள் நடைபாதைக்கு நான் முதல்நாள் இரவே உப்புப் போட்டிருந்தேன். கனக்கப் போட்டுவிட்டேன், நடந்தால் நறநறவென்றது. அவள் படியில் ஒரு காலை வைத்தாள். கதவு குறுகல். அதற்குள் எப்படிக் குந்தினாலும் ஒரு முழங்கால் உள்ளே கால்மிதியிலும் மற்றது வெளியே சீமெந்திலுமாகத்தான் வந்தது. உள்ளே இருந்ததில் வீட்டுச் சூடு. வெளியே இருந்ததில் உப்புக்கல் காற்சட்டையைத் தாண்டிக் குத்தியது. நாடாவைக் குறுக்காக எடுத்து, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டேன். விழாமல் இருக்க அவள் தன் விறைத்த இடது கையை என் தலையில் ஊன்றினாள். பாரம் முழுவதையும் தரவில்லை. பாதியைத் தந்தாள் என்று நினைக்கிறேன். கால் மாற்றினாள். மற்றதையும் கட்டினேன்.

"எந்த வழியால போறீர்?" என்று கேட்டேன்.

சொன்னாள். கை தலையிலிருந்து எடுபட்டது. குறுகின எட்டாக, பாதத்தை முழுசாக வைத்து, நடைபாதை முழுக்க நடந்து, கேற்றைத் தாண்டிய பிறகுதான் ஓடத் தொடங்கினாள். சந்தி திரும்பும்வரைக்கும் இரண்டு மேலங்கிகளும் தெரிந்தன, நடுவில் அதே இரண்டு முழம். வயிறு எரிந்தது; இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டுச் சூடெல்லாம் திறந்த கதவால் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எழும்பவேண்டும். உள்ளே இருக்கிற காலை ஊன்றி எழும்புவதா, வெளியே இருக்கிற காலை ஊன்றி எழும்புவதா என்று தெரியாமல், நான் அந்த வாசலிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.